36-ஆம் பல்: ஒரு நிகழ்வு ஆய்வு

இதை எழுதலாமா என்று முதலில், எங்கள் பல் மருத்துவக் கல்லூரிக்குச் சிகிச்சைக்கு வந்த, எச்.ஐ.வி. தொற்றுள்ள அந்தப் பெண்ணிடம்தான் கேட்டேன். "என் பேரும் ஊரும் வராமல் எழுதுங்கள் சார். என்னை மாதிரி இன்னொருத்தி அலையக் கூடாது" என்றார். அவரை யாரும் அடையாளம் காணாதபடி வயது, தொழில், குடும்ப விவரங்களை மாற்றியிருக்கிறேன். கல்லூரியின் பெயரையும் சொல்லப்போவதில்லை.

நான் பொதுச் சுகாதாரப் பல் மருத்துவத் துறையில் பாடம் நடத்துபவன். மாணவர்களின் மனப்பாங்கைக் கேள்வித்தாள் கொடுத்து அளப்பது எங்கள் துறையில் நெடுநாள் வழக்கம். "எச்.ஐ.வி. தொற்றுள்ளவருக்குச் சிகிச்சை அளிப்பது பல் மருத்துவரின் கடமை" என்று ஒரு வாக்கியம் இருக்கும். எதிரே ஐந்து கட்டங்கள். பெரும்பாலானவர்கள் 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டத்தில் டிக் போட்டுத் தாளைத் திருப்பித் தருவார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. தாளை நிரப்பும் அந்த நேரத்தில் மனதார நம்பித்தான் போடுகிறார்கள். ஆனால் அந்த டிக்குக்கும் டென்டல் சேருக்கும் நடுவில் ஒரு நோயாளி நான்கு நாள் காத்திருந்தார். அந்தத் தூரம் எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

வந்தவர்

நாற்பதை ஒட்டிய வயது. கணவர் இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. தையல் வேலை, பீஸ் கணக்கில் கூலி. இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஆறு வாரமாக வலி. இரவில் படுத்தால் வலி காது வரை ஏறுகிறது, தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு சுவரில் சாய்ந்தபடியே தூங்குவதாகச் சொன்னார். மருந்துக் கடையில் கேட்டு டைக்ளோஃபெனாக் மாத்திரை வாங்கி, நாளுக்கு இரண்டு, வலி மிகுந்த நாள்களில் மூன்று என்று விழுங்கிவந்திருக்கிறார்.

எங்களிடம் வருவதற்கு முன் இரண்டு கிளினிக் ஏறி இறங்கியிருக்கிறார். முதல் இடத்தில் தன் நிலையைச் சொன்னார். ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்து, "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் சொல்லக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் போனார். டோக்கன் வாங்கி உட்கார்ந்தவருக்கு மறைத்துவிட்டு வாயைத் திறக்க மனம் ஒப்பவில்லை. எழுந்து வந்துவிட்டார். இந்த இரண்டாவது செய்தியை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். அவரை யாரும் காப்பாற்றாதபோது, முன்பின் தெரியாத ஒரு மருத்துவரைப் பற்றி அவர் கவலைப்பட்டிருக்கிறார்.

எங்கள் ஓ.பி.யில் அவருக்குக் கேஸ் ஷீட் எழுதியவர் ஒரு ஹவுஸ் சர்ஜன் பெண், அதாவது பயிற்சி மருத்துவர். வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "சர்க்கரை, பிரஷர், வேறு எதற்காவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா அம்மா?" வந்தவர் பதில் சொல்லவில்லை. பையிலிருந்து, எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து வழங்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் தரும் சிறு புத்தகத்தை எடுத்து, உரிய பக்கத்தை விரித்து, எழுத்துகள் மாணவிக்கு நேராக இருக்கும்படி திருப்பி மேசைமேல் வைத்தார்.

எட்டு ஆண்டுகளாக ஒரு வேளையும் தவறாமல் கூட்டு மருந்து எடுத்துக்கொள்பவர். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. கடைசியாகப் பார்த்த வைரஸ் அளவு கண்டறிய முடியாத அளவுக்குக் கீழே. நோய் எதிர்ப்புக்கு உதவும் சி.டி.4 அணுக்கள் 600-க்கு மேல். இரத்தத் தட்டணுக்கள் இயல்பு. வாயில் வெண்பூஞ்சைப் படலம் இல்லை, நாக்கின் ஓரங்களில் வெண்திட்டு இல்லை, ஈறு அழுகல் இல்லை. பல்லில் காரை படிந்திருந்தது, எல்லோருக்கும் படிவதைப் போல. 36-ஆம் எண் பல்லின் (இடது கீழ் முதல் பெரிய கடைவாய்ப் பல்லுக்கு நாங்கள் தரும் எண் இது) மேல்பகுதி முழுக்கச் சொத்தையில் கரைந்து, வேர்கள் பிரியும் இடம் வரை போய்விட்டது. எக்ஸ்ரேயில் இரண்டு வேர் நுனிகளைச் சுற்றியும் எலும்பு கரைந்த கருநிழல். வேர் சிகிச்சை செய்து காப்பாற்றும் கட்டத்தைத் தாண்டிவிட்ட பல். மரத்துப்போக ஊசி போட்டு எடுத்துவிட வேண்டியதுதான்.

வேறு ஒருவரின் வாயில் இந்தப் பல் இருந்திருந்தால் முக்கால் மணி நேரத்தில் பஞ்சைக் கடித்துக்கொண்டு பஸ் ஏறியிருப்பார்.

நான்கு நாள்

முதல் நாள், கேஸ் ஷீட்டின் வலது மேல் மூலையில் சிவப்பு மையில் ஒரு வட்டம் விழுந்தது. வட்டத்துக்குள் 'ஆர்' என்று ஓர் ஆங்கில எழுத்து. ரியாக்டிவ், அதாவது பரிசோதனையில் தொற்று தெரிந்தவர் என்பதன் சுருக்கம். யார் போட்டது என்று பிறகு விசாரித்தபோது யாரும் குற்றவாளியைப் போல விழிக்கவில்லை, ஏனென்றால் அது அங்கே வழக்கம். அட்டெண்டர் அந்தத் தாளை இரு விரல்களால் ஓரத்தைப் பிடித்து எடுத்துப்போனார். துணைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுப் பெண் அதைப் பார்த்துவிட்டு, "அது என்ன அக்கா, உங்கள் சீட்டில் மட்டும் சிவப்பு வட்டம்?" என்று கேட்டிருக்கிறார். "அவசரக் கேஸாம், அதனால்தான்" என்று இவர் சமாளித்திருக்கிறார். மறுநாளிலிருந்து தனியாகத்தான் வந்தார்.

அன்றே அறுவைப் பிரிவில், ஏ.ஆர்.டி. மருத்துவரிடம் 'பல் எடுக்கலாம்' என்று எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். இரண்டாம் நாள் வாங்கி வந்தார். அதைப் படித்துவிட்டு, எங்கள் ஆய்வகத்திலேயே புதிதாக ஒரு முறை எச்.ஐ.வி. பரிசோதனை செய்துவிட்டால் நல்லது என்றார்கள். "எட்டு வருஷமாக இருக்கிறது என்று புத்தகத்தில் இருக்கிறதே, இன்னொரு முறை பார்த்து என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று அவர் கேட்டதற்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை. இருந்தாலும் இரத்தம் எடுத்தார்கள். மூன்றாம் நாள் முடிவு வந்தது. "எல்லோரையும் பார்த்து முடித்த பிறகு கடைசியாக உங்களைக் கூப்பிடுகிறோம்" என்றார்கள். காலை ஒன்பதரை மணியிலிருந்து பெஞ்சில் இருந்தார். பிற்பகல் மூன்றரைக்கு, கருவிகளை ஆட்டோகிளேவுக்கு (நீராவியில் கிருமி நீக்கும் கலனுக்கு) அனுப்பியாகிவிட்டது, நாளை வாருங்கள் என்றார்கள். மூன்று நாள் கூலி போயிற்று.

இந்த மூன்று நாளிலும் யாரும் அவரிடம் 'உனக்கு வைத்தியம் பார்க்க மாட்டேன்' என்று சொல்லவில்லை. ஒரு கடுஞ்சொல் இல்லை. வாங்க, உட்காருங்க என்ற மரியாதைக்கும் குறைவில்லை. ஒவ்வொரு உத்தரவுக்கும் மருத்துவக் காரணம் போன்ற ஒன்று ஒட்டியிருந்தது. மறுப்பு எங்கள் துறையில் இந்த உருவில்தான் வருகிறது. அதனால்தான் மறுத்தவர்களுக்கே தாங்கள் மறுத்தது தெரிவதில்லை.

பல் மருத்துவக் கல்லூரிக்குள் போகாதவர்களுக்கு இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் மாணவர்களுக்குக் கோட்டா உண்டு. இத்தனை பல் எடுக்க வேண்டும், இத்தனை பேருக்குப் பல் சுத்தம் செய்ய வேண்டும், இத்தனை செட் பல் கட்ட வேண்டும் என்று பதிவேட்டில் கையெழுத்து வாங்கினால்தான் தேர்வுக்குப் போக முடியும். பதிவேட்டை வைத்துக்கொண்டு 'ஒரு எக்ஸ்ட்ராக்‌ஷன் கிடைக்குமா' என்று ஓ.பி. வாசலிலேயே நிற்பார்கள். ஊரிலிருந்து பெரியப்பாவையும் அத்தையையும் அழைத்து வந்து உட்காரவைக்கும் பிள்ளைகளும் உண்டு. அந்த மூன்று நாளும் அதே கூடத்தில் மாணவர்கள் பல்லுக்காக அலைந்துகொண்டிருந்தார்கள். எடுக்க வேண்டிய பல்லோடு ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு அவரிடம் யாரும் போகவில்லை.

நான்காம் நாள் காலை, முதல் நாள் கேஸ் ஷீட் எழுதிய ஹவுஸ் சர்ஜன் பெண் என் அறைக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். "சார், அந்த அம்மா இன்றைக்கும் வந்திருக்கிறார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அந்தப் பக்கமாக நடக்கவே முடியவில்லை" என்றார்.

பல் எடுத்தது

நாங்கள் இருவரும் கீழே போனோம். நான் அறுவைப் பிரிவைச் சேர்ந்தவன் அல்ல. ஆனால் பல் எடுக்கத் தெரியாத பல் மருத்துவன் இல்லை. முதுநிலை மாணவர் ஒருவர் பக்கத்தில் நிற்க ஒப்புக்கொண்டார். ஹவுஸ் சர்ஜன் எடுப்பது, நான் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது என்று முடிவாயிற்று.

அதற்கு முன் அவருடைய மாத்திரைப் பட்டியலை மறுபடி பார்த்தபோதுதான் எனக்குத் திக்கென்றது. டெனோஃபோவிர் சிறுநீரகத்தின் வழியே வெளியேறும் மருந்து. சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. அதோடு டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை நெடுநாள், அதிக அளவில் சேர்த்து எடுத்தால் சிறுநீரகம் திடீரெனப் பழுதடையும் ஆபத்து உண்டு. ஆறு வாரமாக இவர் இரண்டையும் சேர்த்து விழுங்கியிருக்கிறார். மூன்று நாளாக எங்கள் கூடத்தில் அத்தனை பேர் அவருடைய எச்.ஐ.வி. நிலையை நினைத்துக்கொண்டே இருந்தோம். அவருக்காக ஒருவரும் நினைக்கவில்லை. நோயாளி தன் நிலையைச் சொல்வது இதற்காகத்தான்: எந்த வலி மாத்திரை கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது, எந்த இரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும் என்பதற்காக. கையுறையின் எண்ணிக்கையை முடிவு செய்வதற்காக அல்ல.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்க்க இரத்தம் அனுப்பினோம். இயல்பின் மேல் எல்லையைச் சற்றே தாண்டியிருந்தது. டைக்ளோஃபெனாக்கை நிறுத்தச் சொல்லி, ஏ.ஆர்.டி. மையத்துக்கு ஒரு கடிதம் எழுதி, மூடிய உறையில் அவர் கையிலேயே கொடுத்தேன்.

பல் எடுத்ததில் மருத்துவ அளவில் சொல்ல அதிகம் இல்லை. அட்ரினலின் கலந்த 2 சதவீத லிக்னோகெய்ன். கீழ்த்தாடை நரம்பை மரக்கவைக்கும் ஊசி. உதட்டின் இடது பாதி மரத்ததும் ஈற்றை விலக்கி, நெம்புகோலால் அசைத்து, ஃபோர்செப்ஸால் பற்றினார். மேல்பகுதி நொறுங்கியது. வேர்களைத் தனித்தனியே பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. முதல் ஊசி ஏற்றும்போது ஹவுஸ் சர்ஜன் பெண்ணின் விரல்கள் நடுங்கியதை நான் பார்த்தேன். முன்வேர் கழன்று வந்த நொடியிலிருந்து நடுக்கம் இல்லை. அதன் பிறகு அவர் பல்லை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். ஊசியை மூடும்போது மூடியை ட்ரேயில் கிடத்திவிட்டு, ஒரே கையால் ஊசியை அதற்குள் நுழைத்து எடுத்தார். இன்னொரு கை பக்கத்தில் வரவில்லை. அதை எல்லா நோயாளிக்கும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

பஞ்சை வைத்துக் கடிக்கச் சொல்லிவிட்டு, ஈரத்துணியால் அந்த அம்மாவின் மோவாயில் வழிந்திருந்த இரத்தத்தைத் துடைத்துவிட்டார். நாங்கள் தினமும் எல்லோருக்கும் செய்வதுதான், கவனிக்கக்கூட மாட்டோம். பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்ததால் அவரால் அப்போது பேச முடியவில்லை. ஒரு வாரம் கழித்துக் காயத்தைக் காட்ட வந்தபோது சொன்னார்: "பல் எடுத்ததைவிட, என் முகத்தைத் துடைத்துவிட்டீங்களே பாப்பா, அதைத்தான் எங்கள் அம்மாவிடம் சொன்னேன்."

வலிக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுத்தோம். ஆன்டிபயாடிக் தேவைப்படவில்லை. எச்.ஐ.வி. இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஆன்டிபயாடிக் எழுத வேண்டியதில்லை. குழி, எல்லோருக்கும் ஆறுவது போல ஆறியது.

என்ன பயம்?

அடுத்த வாரம் அந்தப் பிரிவில் இருந்த ஹவுஸ் சர்ஜன்களை உட்காரவைத்துப் பேசினேன். சட்டத்தைச் சொல்லித் தொடங்கவில்லை. நோய் பரவும் வழிகளை மறுபடி நடத்தவும் இல்லை. அதைக் கேட்டால் என்னைவிட வேகமாக ஒப்பிப்பார்கள். "உங்களுக்கு என்ன பயம்?" என்று மட்டும் கேட்டேன். வெகுநேரம் யாரும் பேசவில்லை.

ஒருவர், தனக்குக் கைக்குழந்தை இருப்பதைச் சொன்னார். இன்னொருவர், "நான் மூன்றாம் ஆண்டில் கிளினிக்குக்குள் வந்தபோது சீனியர்கள் இப்படித்தான் செய்தார்கள் சார். சிவப்பு வட்டம் போடச் சொல்லிக் கொடுத்ததும் அவர்கள்தான். அது தவறு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை" என்றார். அவர் சொன்னது நியாயம். அந்த வட்டத்தை நானும் பல முறை பார்த்திருக்கிறேன். ஒருநாளும் எதுவும் சொன்னதில்லை.

கடைசியில் மூலையில் உட்கார்ந்திருந்த பையன் இடது கையின் ஆட்காட்டி விரலை நீட்டினான். நுனியில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் ஆண்டில், மரக்கும் ஊசி போட்டுவிட்டு இரண்டு கையாலும் மூடியை மாட்டும்போது ஊசி மூடியைத் துளைத்துக்கொண்டு விரலில் ஏறிவிட்டதாம். குழாயடியில் போய் இரத்தம் வர வரப் பிதுக்கிக் கழுவிவிட்டு, கையுறை மாற்றிக்கொண்டு திரும்பி வந்து பல்லை எடுத்து முடித்திருக்கிறான். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், ஊசியை இரண்டு கையால் மூடியதற்குத் திட்டு விழும். அந்தப் பல் கோட்டாவில் சேராது. அந்த நோயாளிக்கு என்ன தொற்று இருந்தது, எதுவும் இல்லையா என்பது இன்றுவரை தெரியாது. நான்கு மாதம் சரியாகத் தூங்கவில்லை என்றான். பிறகு வேறு ஊருக்குப் பஸ் ஏறிப் போய், அங்குள்ள எச்.ஐ.வி. பரிசோதனைக்கான நம்பிக்கை மையத்தில் பரிசோதனை செய்துகொண்டான். தொற்று இல்லை. வீட்டில் இன்றுவரை தெரியாது.

"அந்த அம்மாவைப் பார்த்து எனக்கு வெறுப்பு இல்லை சார். அந்த நான்கு மாதம்தான் ஞாபகம் வந்தது" என்றான்.

ஊசி குத்திவிட்டால் எடுக்க வேண்டிய தடுப்பு மாத்திரை நம் கட்டடத்தில் எங்கே இருக்கிறது என்று எல்லோரிடமும் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. கேட்ட எனக்கும் தெரியவில்லை. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமிக்கான தடுப்பூசி மூன்றாவது தவணை போட்டவர்கள் யார் என்று கேட்டேன். சிலர்தான் கை தூக்கினார்கள். சேர்க்கையின்போது முதல் தவணை போட்டதற்கான சான்றைக் கேட்டோம். ஆறாம் மாதம் போட வேண்டிய தவணையை நாங்கள் யாரும் கேட்கவில்லை. கையுறைப் பெட்டியைச் சொந்தக் காசில் வாங்குகிறார்கள் என்பதும் அன்று பேச்சில் வந்தது. மாதக் கடைசியில் மெல்லிய, மலிவான பெட்டி வருகிறது.

அந்த அறையிலிருந்து எழுந்தபோது என் கேள்வி மாறியிருந்தது. மாணவர்களுக்கு இரக்கம் ஏன் இல்லை என்று கேட்டுக்கொண்டு உள்ளே போனேன். நாங்கள் பாதுகாக்காமல் விட்ட பிள்ளைகளிடம் எந்த முகத்தோடு துணிவைக் கேட்கிறோம் என்ற கேள்வியோடு வெளியே வந்தேன். பெஞ்சில் அந்த அம்மா காத்திருந்ததும், குழாயடியில் அந்தப் பையன் தனியாக விரலைக் கழுவியதும் ஒரே நிர்வாகக் குறைபாட்டின் இரண்டு பக்கங்கள் என்பதுதான் இந்த நிகழ்விலிருந்து நான் உறுதியாகச் சொல்லக்கூடியது.

பயத்தின் கணக்கு

பயத்தை ஏளனம் செய்து போக்க முடியாது. கணக்குப் போட்டுக் காட்டலாம். எச்.ஐ.வி. தொற்றுள்ள இரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்று வரும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம், அதாவது 1000 குத்தலில் 3. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி தொற்றுள்ள இரத்தம் இதே வழியில் ஏறினால் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம் வரை. ஹெபடைட்டிஸ் பி கிருமி உலர்ந்த இரத்தத்தில் ஏழு நாள்கூடத் தாக்குப்பிடிக்கும், எச்.ஐ.வி. உடலுக்கு வெளியே எளிதில் அழிந்துவிடும். அமெரிக்காவில் 1985 முதல் 2013 வரை பணியிடத்தில் எச்.ஐ.வி. தொற்றியதாக உறுதிசெய்யப்பட்ட மருத்துவப் பணியாளர்கள் 58 பேர். அவர்களில் பல் மருத்துவத் துறையினர் ஒருவரும் இல்லை. கூட்டு மருந்தால் இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டவரிடமிருந்து வரும் ஆபத்து இந்த 0.3 சதவீதத்தையும்விட மிகக் குறைவு.

இதை வைத்துப் பார்த்தால் எங்கள் மாணவர்கள் பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாமலும், பயப்படத் தேவையில்லாத இடத்தில் பயந்தும் இருந்திருக்கிறார்கள். அந்த அம்மா தன் நிலையைச் சொன்னவர், மருந்து எடுப்பவர், வைரஸ் அடங்கியவர். அன்று காலை அதே சேரில் உட்கார்ந்து போனவர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் உடலில் இருப்பது தெரியும்? எல்லா நோயாளியையும் தொற்றுள்ளவராகவே கருதிப் பாதுகாப்போடு வேலை செய்ய வேண்டும் என்ற விதி 1980-களிலேயே வந்தது இதனால்தான்.

'கடைசியாக வாருங்கள்' என்பதையும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும். இவருக்குப் பின் இன்னொருவரை அந்தச் சேரில் உட்காரவைக்கப் பயப்படுகிறோம் என்றால், எங்கள் ஆட்டோகிளேவையே நாங்கள் நம்பவில்லை என்று பொருள். 121 டிகிரி நீராவி அழுத்தத்தில் உரிய நேரம் வைத்த கருவியில் எச்.ஐ.வி. பிழைக்காது. ஆட்டோகிளேவ் சரியாக வேலை செய்யவில்லை என்றால், கடைசி ஆளைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால் போதாது. காலையில் வந்த முதல் ஆளையும் தேடிப்போய்ச் சொல்ல வேண்டும். இரண்டு கையுறை போடுவதில் தவறில்லை. எல்லா அறுவைக்கும் போடுங்கள். ஒருவருக்கு மட்டும் போடும்போதுதான் அது அவர்மேல் குத்தும் முத்திரையாகிறது.

சட்டம் இருபக்கமும் பேசுகிறது

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. தொற்றுள்ளவருக்கு மருத்துவச் சேவையை மறுப்பதும், பாரபட்சமாக நடத்துவதும் அதன்படி தடைசெய்யப்பட்டவை. உரிய விளக்கம் தந்து ஒப்புதல் பெறாமல் பரிசோதனை செய்யக் கூடாது. நிலையை வெளியே தெரியவிடக் கூடாது. சிவப்பு வட்டம், மறுபரிசோதனை, மூன்று நாள் அலைச்சல் மூன்றும் இந்தச் சட்டத்தின் முன் நிற்காது.

பலருக்குத் தெரியாத இன்னொரு பகுதியும் அதே சட்டத்தில் உண்டு. மருத்துவ நிறுவனம் தன்னிடம் வேலை செய்து, தொற்றுக்கு ஆளாகக்கூடிய எல்லோருக்கும் பாதுகாப்பு முறைகளையும் அவற்றுக்கான பயிற்சியையும், தற்செயலாகக் குத்துப்பட்டால் தடுப்பு மருந்தையும் தர வேண்டும். குத்துப்பட்ட இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. 28 நாள் எடுக்க வேண்டும். அந்தப் பையன் கழுவிய குழாயடிக்குப் பக்கத்தில் இந்த மருந்து இருந்திருக்க வேண்டும். நாங்கள் இரண்டு பேருக்கும் கடன்பட்டிருந்தோம்.

'பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்' என்பது நம் ஊரில் மட்டும் கேட்கும் வாக்கியம் அல்ல. 1994-இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் பாங்கர் நகரில் சிட்னி அபாட் என்ற பெண் ஒரு பல் மருத்துவரிடம் போனார். படிவத்தில் தன் எச்.ஐ.வி. நிலையை எழுதினார். சொத்தையை அடைக்க வேண்டும் என்று கண்ட மருத்துவர் ராண்டன் பிராக்டன், தன் கிளினிக்கில் செய்ய முடியாது, மருத்துவமனையில் செய்கிறேன், மருத்துவமனைச் செலவை நீங்கள் ஏற்க வேண்டும் என்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1998 ஜூனில், நோய் அறிகுறி இல்லாத எச்.ஐ.வி. தொற்றுள்ளவருக்கும் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. இந்த வழக்கை நான் மாணவர்களுக்குச் சொல்வது அபாட் ஜெயித்ததற்காக அல்ல. அடைக்க வேண்டியிருந்தது ஒரே ஒரு சொத்தைப் பல் என்பதற்காக. படிவத்தில் உண்மையை எழுதியதால் வந்த வினை அது. எங்கள் கூடத்திலும் அந்தச் சிறு புத்தகத்தை விரித்துக் காட்டியதால்தான் எல்லாம் தொடங்கியது.

இன்னொன்றையும் சொல்வேன். இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டதே சென்னையில், ஒரு மாணவியின் ஆய்வில். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுநிலை மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் இரத்த மாதிரிகளைத் திரட்டி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து வேலூர் சி.எம்.சி.க்கு எடுத்துப்போனார். ஆறு மாதிரிகளில் தொற்று இருந்தது. அப்போது மருந்து கிடையாது. இலவசக் கூட்டு மருந்து 2004 ஏப்ரலில்தான் வந்தது. முதலில் தொடங்கிய மையங்களில் தாம்பரமும் ஒன்று. பெயரைச் சொல்லவே ஊர் அஞ்சிய காலத்தில் ஒரு மாணவி செய்த வேலை அது. ஆனால் அந்தத் துணிவை எடுத்துக்காட்டாகச் சொல்லி எங்கள் மாணவர்களைத் தடுப்பூசி இல்லாமல் வேலைக்கு அனுப்ப எனக்கு உரிமை இல்லை.

பிறகு நடந்தவை

சிவப்பு வட்டம் நின்றது. அறுவைப் பிரிவில் தடுப்பு மருந்துப் பெட்டி வந்தது. இரவில் கூப்பிட வேண்டிய எண் அதன் மூடியிலேயே ஒட்டியிருக்கிறது. ஊசி குத்தினால் எழுதித் தர ஒரு தாள். அதில் 'யாருடைய தவறு' என்ற கேள்வி இல்லை. இந்தக் கேள்வியை நீக்கத்தான் கூட்டத்தில் நெடுநேரம் வாதாட வேண்டியிருந்தது. முதல் மாதத்திலேயே தாள்கள் வரத் தொடங்கின. குத்தல் கூடிவிட்டதே என்று ஒரு மூத்த ஆசிரியர் கவலைப்பட்டார். கூடவில்லை, இத்தனை காலம் குழாயடியோடு போனது இப்போது தாளுக்கு வருகிறது என்று சொன்னேன். ஹெபடைட்டிஸ் பி மூன்றாவது தவணையைக் கல்லூரியே போடுகிறது. கையுறையும் கல்லூரிக் கணக்கில்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. ஒரு பிரிவில் இன்னமும் 'கடைசியாக வாருங்கள்' வழக்கம் இருக்கிறது. கேட்டால் வேறு காரணம் சொல்கிறார்கள். அது என் அடுத்த வேலை.

அந்த அம்மாவின் கிரியேட்டினின் ஒன்றரை மாதத்தில் இயல்புக்குத் திரும்பியதாக ஏ.ஆர்.டி. மையத்திலிருந்து பதில் வந்தது. ஆறு மாதம் கழித்துப் பல் சுத்தம் செய்ய வந்தார். எடுத்த பல்லின் இடம் வெற்றாக இருப்பதைப் பார்த்துவிட்டு, இறுதி ஆண்டு மாணவன் ஒருவன் பதிவேட்டோடு பக்கத்தில் போய் நின்றான். "அம்மா, எனக்கு ஒரு பல் செட் கணக்கில் குறைகிறது. உங்களுக்கு இந்த இடத்தில் கழற்றி மாட்டும் பல் செய்து தரட்டுமா? நான்கு முறை வர வேண்டியிருக்கும்" என்றான். அவர் கேஸ் ஷீட்டை அவனிடம் நீட்டினார். அவன் மாத்திரைப் பட்டியலைப் படித்தான், ஒரு முறை நிமிர்ந்து பார்த்தான், பிறகு "செவ்வாய்க்கிழமை தையலுக்கு லீவு போட முடியுமா அம்மா?" என்று கேட்டான்.